அப்பாவோட முதல் வருஷ திதிக்கு கபடி டோர்னமென்ட் வைக்கலாமா? அவர்கிட்ட ஆடினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க

கண்டக்டர்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். இங்க படிக்கிறதோட சரி, இதுவரைக்கும் எழுதினது இல்ல. எங்க ஊரு பாலக்கோடு பக்கம், ஊர் பேரு வேணாம், தெரிஞ்சவங்களுக்கு படிக்கும்போதே தெரிஞ்சிடும். எங்க அப்பா கவர்மென்ட் பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, ஆனா ஊர்ல யாரும் அவரை கண்டக்டர்னு கூப்பிட்டு நான் கேட்டதில்ல, மாஸ்டர்னு தான் கூப்பிடுவாங்க. பி.இ.டி. படிச்சவரு கிடையாது, ஸ்கூல் வாத்தியாரும் கிடையாது. ஏரிக்கு கீழ கோயில் நிலத்துல கல்லு பொறுக்கி கோடு போட்டு பசங்களுக்கு கபடி சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தாரு, அவ்வளவு தான். போன தையில பொங்கல் முடிஞ்ச கையோட நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாரு, தர்மபுரிக்கு கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

வர்ற தையில முதல் வருஷ திதி. இப்ப வீட்டுக்குள்ள ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஊர் பசங்க ஒரு லட்சம் முதல் பரிசு வச்சு ராத்திரி லைட்டு போட்டு ஓபன் டோர்னமென்ட் நடத்தலாம்னு நிக்கிறாங்க, பிளக்ஸ் டிசைன் கூட வாட்ஸாப்ல வந்துடுச்சு, அப்பா தலைக்குப் பின்னாடி ஒரு சிங்கம் வாயைத் திறந்துக்கிட்டு இருக்கு. அம்மா அதெல்லாம் வேணாம், படையல் போட்டு பசங்களுக்கு சோறு போட்டா போதும்னு சொல்லுது. அண்ணன் கபடின்ற பேச்சே எடுக்காதன்னு சொல்றான். அவனும் அப்பாகிட்ட ஆடினவன் தான், ஆனா அவனை எப்பவும் சப்ஸ்டிட்யூட்ல தான் உக்கார வைப்பாராம், அந்தக் கோவம் இன்னும் போகல, நான் அதுக்குள்ள போக விரும்பல.

நான் ஓசூர்ல கம்பெனியில வேலை பாக்குறேன், கொஞ்சம் பணம் சேத்து வச்சிருக்கேன். எதுக்கு செலவு பண்றதுன்னு தான் தெரியல.

இன்னொண்ணு என்னன்னா எனக்கு அப்பாவை வீட்ல தான் தெரியும். டியூட்டி முடிச்சு வந்ததும் காக்கி சட்டைய ஆணியில மாட்டிட்டு டிரவுசரோட கிளம்பிடுவாரு, திரும்பி வரும்போது முட்டி வரைக்கும் செம்மண்ணு, கூட நாலு பசங்க, அம்மா களி கிண்டி வச்சிருக்கும். எனக்கு காது குத்தும்போது மொட்டை அடிச்சு மாமா மடியில உக்கார வச்சிட்டு எல்லாரும் ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாங்களாம், இவரு பர்கூர் பக்கம் ஏதோ மேட்ச் முடிச்சு டீம் மொத்தத்தையும் கூட்டிக்கிட்டு வந்து இறங்கினாராம், அவனுங்க உக்காந்து சாப்பிட்டதுல கடைசி பந்திக்கு குழம்பு பத்தலன்னு அம்மா இப்ப வரைக்கும் சொல்லிக் காட்டும். ஒலிம்பிக்ஸ் வந்தா ராத்திரி முழுக்க முழிச்சிருந்து வெயிட் லிஃப்டிங் வரைக்கும் பாப்பாரு. எங்க வீட்டு பீரோ கதவுக்கு உள்பக்கம் பேப்பர்ல வெட்டின ஜிம்மி ஜார்ஜ் போட்டோ ஒட்டியிருக்கும், கபடிக்காரர் வீட்ல வாலிபால்காரர் படம் எதுக்குப்பான்னு கேட்டா, எகிறினா இந்த ஆளு மாதிரி எகிறணும்டான்னு சொல்வாரு, 1987ல இத்தாலியில கார் ஆக்சிடென்ட்ல அவரு செத்தப்ப அப்பா ரெண்டு நாள் சரியா சாப்பிடலன்னு பாட்டி சொல்லியிருக்கு. இதெல்லாம் எனக்குத் தெரியும். கிரவுண்டுல அவரு எப்படி இருந்தாருன்னு மட்டும் தெரியாது, ஒரு நாள் கூட போய் உக்காந்து பாத்ததில்ல, பொண்ணுங்க அங்க போகக்கூடாதுன்னு பாட்டி விட மாட்டாங்க. யாராவது அவர்கிட்ட ஆடியிருந்தா எழுதுங்க. டோர்னமென்ட் நடத்தினவங்க இருந்தா அதையும் சொல்லுங்க, என்ன செலவு, யார்கிட்ட அனுமதி வாங்கணும்னு ஒண்ணுமே தெரியாது.

லெஃப்ட்_கார்னர்:

அக்கா வணக்கம், மாஸ்டர் பொண்ணா நீங்க!! உங்க வீட்டுத் திண்ணையில எவ்வளவு களி தின்னிருப்பேன்னு எனக்கே தெரியாது, நீங்க அப்ப காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தீங்க அதனால என்னை ஞாபகம் இருக்காது. இப்ப கிருஷ்ணகிரியில போலீஸ்ல இருக்கேன். டியூட்டியில உக்காந்து தான் டைப் பண்றேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

கிரவுண்டுல எப்படி இருப்பாருன்னு கேட்டீங்க இல்ல. விசில்ல இருந்து ஆரம்பிக்கிறேன். ரெஃப்ரி விசில் எல்லாம் கிடையாது, பஸ்ல ஊதுற அதே விசில் தான். ஒரு விசில்னா நில்லு, ரெண்டு விசில்னா போ. பஸ்ல என்ன சட்டமோ அதே தான் கிரவுண்டுலயும். பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுல நாங்க டீ குடிச்சிக்கிட்டு நிக்கும்போது எந்த பஸ்ல இருந்தாவது ரெண்டு விசில் வந்தா கால் தானா முன்னாடி போயிடும், நெஜமா சொல்றேன், ஒருத்தன் மேல டீ கொட்டியிருக்கேன்.

புதுசா வர்ற பையனுக்கு பிடிக்கவும் சொல்லித் தர மாட்டாரு பாடவும் சொல்லித் தர மாட்டாரு. மொதல்ல விழணும். தோளைக் குடுத்து உருண்டு விழணும், கைய ஊனக்கூடாது, ஊனினா மணிக்கட்டு போயிடும். மண்ணை வாராவாரம் கொத்தி விட்டு சலிச்சு மரத்தூள் கலந்து வச்சிருப்பாரு, அதுல நாங்க உருண்டுக்கிட்டே இருப்போம், பாக்குறவங்க பைத்தியக்காரப் பசங்கன்னு நினைச்சுட்டு போவாங்க. அப்புறம் ஏரிக்கரை மேல கபடி கபடின்னு பாடிக்கிட்டே ஓடணும், பாட்டு உடைஞ்சா திரும்ப முதல்ல இருந்து. அதுக்கப்புறம் தான் பிடி. ஆங்க்கிள் ஹோல்ட், அதான் கணுக்காலைப் பிடிக்கிற பிடி, சொல்லிக் குடுக்கும்போது ரைடர் (பாடி வர்றவன்) மூஞ்சியப் பாத்தா மண்டையில கொட்டு விழும். மூஞ்சிய ஏன்டா பாக்குற, அவன் என்ன சினிமாவுலயா நடிக்கிறான், முட்டியப் பாரு, எந்த முட்டி மடங்குதோ அந்தக் காலு தான் உள்ள வரும்னு சொல்வாரு. இன்னைக்கு டிபார்ட்மென்ட் டீம்ல கார்னர்ல (ஓரத்துல) நிக்கிறேன், இப்பவும் முட்டிய மட்டும் தான் பாக்குறேன்.

பழைய சைக்கிள் டியூப்ப ரைடர் இடுப்புல கட்டி ரெண்டு பேரை பின்னாடி இருந்து இழுக்கச் சொல்வாரு, அதை இழுத்துக்கிட்டே நடு கோட்டைத் தொடணும். ஜிம்மு கிம்மு எதுவும் கிடையாது, தக்காளி கிரேட்டு தான் எங்களுக்கு வெயிட்டு.

அப்புறம் எடை விஷயம். இது கட்டாயம் எழுதணும். சப் ஜூனியர்ல, அதான் 16 வயசுக்குள்ள பசங்க போட்டியில, 55 கிலோவுக்கு மேல இருந்தா ஆட முடியாது, அதனால பல டீம்ல எடை போடுறதுக்கு முந்தின நாள்ல இருந்து பையனுக்கு சோறு தண்ணி குடுக்காம, வெயில்ல ஸ்வெட்டர் போட்டு ஓட விடுவாங்க. எங்க டீம்ல இருந்த நல்ல ரைடர் ஒருத்தன் ஒன்றரை கிலோ கூட இருந்தான். அவனே பட்டினி கிடக்குறேன் மாஸ்டர்னு அழுதான். மாஸ்டர் அவனை பஸ் ஸ்டாண்டுக்கு கூட்டிப் போய் புரோட்டா வாங்கிக் குடுத்துட்டு, நீ அடுத்த வருஷம் ஜூனியர்ல ஆடுடா, வளர்ற புள்ள வயித்தைக் காயப்போட்டு எனக்கு எந்த கப்பும் வேணாம்னுட்டாரு. அந்த மேட்ச் தோத்துட்டோம். இன்னொரு டீம் மீசை முளைச்சவனை எல்லாம் சப் ஜூனியர்னு டிசி காட்டி இறக்கியிருந்தாங்க, எங்களுக்கு வயிறு எரிஞ்சுது, அவரு பேசாம சைக்கிள் டியூப்ப சுருட்டிக்கிட்டு வாங்கடா பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னாரு.

அதனால என்னோட ஓட்டு ஒரு லட்சம் டோர்னமென்ட்டுக்கு இல்ல. சப் ஜூனியர் பசங்களுக்கு வைங்க. கூட ஒரு விஷயம், வீட்ல ஒரு தகரப் பெட்டி இருக்கும் பாருங்க, டிரிப் ஷீட் எல்லாம் போட்டு வைக்கிற பெட்டி. அதைப் பழைய இரும்புக்கு போட்டுடாதீங்க. பசங்க தொலைச்சிடுவானுங்கன்னு எல்லாரோட சர்டிஃபிகேட்டையும் அதுல தான் வச்சிருப்பாரு. போலீஸ் செலக்‌ஷன்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா 10 சதவீதம் இருக்குன்னு எனக்கு சொன்னதே அவரு தான், அப்ளிகேஷன் போடும்போது அந்தப் பெட்டியில இருந்து தான் என் சர்டிஃபிகேட்டை எடுத்துக் குடுத்தாரு, லேமினேட் பண்ணிடாதடான்னு ஒரு திட்டும் சேத்து. இன்னும் எவனெவனோட பேப்பரு உள்ள கிடக்குதோ.

அண்ணன் விஷயம் நான் பேசக்கூடாது தான். ஆனா சொல்லாம இருக்க முடியல, கார்னருக்கு பக்கத்துல நிக்கிற கவர் இடத்துல அவரு எங்க எல்லாரையும் விட நல்லா ஆடுவாரு. சொந்தப் பையனை இறக்கினான்னு ஊர்ல ஒரு பேச்சு வரக்கூடாதுன்னு மாஸ்டர் அவரை வெளிய உக்கார வச்சாரு. அது நியாயம் இல்லன்னு எங்களுக்கு அப்பவே தெரியும், யாருக்கும் வாய் திறக்க தைரியம் இல்ல.

பெங்களூர்ல_ஒரு_தர்மபுரியான்:

எல்லாரும் சென்டிமென்ட்டா பேசுறீங்க, பிராக்டிகலா பாக்கலாம். பரிசுப் பணம் இல்லாம எந்த டீம் வரும்? எங்க பக்கம் எருது விடுற விழாவுக்கே பரிசு எவ்வளவு போகுதுன்னு பாருங்க. புரோ கபடி 2014ல வந்ததுக்கு அப்புறம் பசங்க லெவலே மாறிடுச்சு, கீழ விரிக்கிற மேட்டு, லைட்டு, யூடியூப் லைவ் இருந்தா தான் கூட்டம் வரும், கூட்டம் வந்தா தான் மாஸ்டர் பேரு நாலு ஊருக்கு தெரியும். ஸ்பான்சர் பிடிக்கலாம், நானே பத்தாயிரம் தரேன். சிங்கத்தை மட்டும் எடுத்துடுங்க.

பழைய_ரெஃப்ரி:

அம்மாடி, உங்க அப்பாவும் நானும் சடுகுடு காலத்து ஆளுங்க. அவரு கிரவுண்ட் ஆரம்பிச்ச கதை உனக்கு தெரியுமான்னு தெரியல. 1990ல பெய்ஜிங் ஏசியன் கேம்ஸ்ல முதல் தடவையா கபடிய சேத்தாங்க, இந்தியா தங்கம் வாங்குச்சு, அந்த டீம்ல நம்ம தமிழ்நாட்டுக்காரர் ராஜரத்தினம் இருந்தாரு. அந்தப் பேப்பரை மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டு அவரு டிரிப்புல ஏறின எனக்கு காட்டினாரு, டிக்கெட் போடாம பேசிக்கிட்டே இருந்ததுல பின்னாடி இருந்தவங்க எல்லாம் சத்தம் போட்டாங்க. அந்த வாரமே கோயில் நிலத்துல கோடு போட்டுட்டாரு. முதல்ல வந்தது ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்த பசங்க, ஆடு அடுத்தவன் கொல்லையில மேஞ்சு அதுக்கும் பஞ்சாயத்து நடந்துச்சு.

சரி விஷயத்துக்கு வரேன். பெங்களூர் தம்பி சொல்றது தப்புன்னு சொல்ல மாட்டேன், ஓபன் மேட்ச்னா பணம் வேணும். ஆனா ஓபன்னா ராத்திரி பூரா நடக்கும், குடிச்சிட்டு வருவானுங்க, புள்ளி தகராறு வரும், அதை சமாளிக்க ஊர்ல பெரிய ஆளு வேணும். அந்த ஆளு தான் இப்ப இல்லையே. திதி அன்னைக்கு அவரு பேருல ஒரு அடிதடி கேஸ் வேணாம்.

சப் ஜூனியர் வைக்கிறதா இருந்தா கணக்கு இப்படி. 16 வயசுக்குள்ள, 55 கிலோவுக்குள்ள. கோர்ட் 11 மீட்டருக்கு 8 மீட்டர், பெரியவங்களுக்கு போடுற 13க்கு 10 போட்டுடாதீங்க, சின்னப் பசங்க ஓடியே செத்துடுவானுங்க. மேட்ச் 15 நிமிஷம், 5 நிமிஷம் இடைவேளை, திரும்ப 15 நிமிஷம். நாக் அவுட் மட்டும் வேணவே வேணாம். எங்கேயோ மலையில இருந்து விடியக்காலை பஸ் ஏறி வந்த டீம் ஒரே மேட்ச்ல தோத்துட்டு மிச்ச நாள் பூரா வேடிக்கை பாத்துட்டு போறதுல என்ன இருக்கு. எட்டு டீம் எடுத்து நாலு நாலா ரெண்டு குரூப்பா பிரிச்சா லீக் மட்டும் 12 மேட்ச், ஒவ்வொரு டீமுக்கும் மூணு மேட்ச் கண்டிப்பா கிடைக்கும். அதுக்கு மேல ரெண்டு செமி, ஒரு ஃபைனல். ஏறக்குறைய முக்கால் மணி நேரத்துக்கு ஒரு மேட்ச்னு வச்சா ஒரே கோர்ட்ல 11 மணி நேரத்துக்கு மேல இழுக்கும். ரெண்டு கோர்ட் போட்டா காலையில ஏழு மணிக்கு ஆரம்பிச்சு லீக்கை மத்தியானத்துக்குள்ள முடிச்சு, சோறு போட்டு, பசங்களை மரத்தடியில படுக்க வச்சு, நாலு மணிக்கு மேல செமி ஃபைனல் வைக்கலாம். வெளிச்சம் போறதுக்குள்ள பரிசு குடுத்து கடைசி பஸ்ஸுக்கு அனுப்பிடலாம். லைட் செலவு மிச்சம்.

அனுமதிக்கு போலீஸ் ஸ்டேஷன்லயும் பஞ்சாயத்துலயும் லெட்டர் குடுக்கணும், மாவட்ட கபடி கழகத்துல சொன்னா ரெஃப்ரிங்களை அனுப்புவாங்க, அவங்களுக்கு படியும் சாப்பாடும் உங்க பொறுப்பு. நான் வரேன், எனக்கு படி வேணாம். சாதி அடையாளம் இருக்குற பனியன், பிளக்ஸ் கூடாதுன்னு இந்த மாதிரி போட்டிங்களுக்கு ஹைகோர்ட்டே கண்டிஷன் போட்டிருக்கு, முன்னாடியே எல்லா டீமுக்கும் சொல்லிடுங்க. ஃபர்ஸ்ட் எய்டோட ஒரு நர்ஸாவது கிரவுண்டுல இருக்கணும், ஒரு வண்டி ரெடியா நிக்கணும். 2022ல பண்ருட்டி பக்கம் ரைடு போன பையன் கோர்ட்லயே இறந்து போனான், வீடியோ எல்லாரும் பாத்திருப்பீங்க. 108 வரட்டும்னு உக்காந்திருக்க முடியாது. மேட் வாடகைக்கு எடுக்க வேணாம், மண்ணு போதும், அவரு கொத்தி வச்ச மண்ணு ஒரு தண்ணி விட்டு கொத்தினா எழுந்துடும்.

பரிசுக்கு பணம் குடுக்காதீங்க. வர்ற எட்டு டீமுக்கும் பஸ் காசும் முட்டிக்கு மாட்டுற நீ-கேப்பும் குடுங்க, ஜெயிச்ச டீமுக்கு எல்லாருக்கும் ஷூ. மேட்ல ஆடணும்னா ஷூ வேணும், மண்ணுல ஆடுற பசங்ககிட்ட அது இருக்காது. உங்க அப்பா டீமுக்கு வாங்கி வச்சிருந்த நாலஞ்சு ஜோடிய ஒரு மேட்ச் முடிச்சவன் கழட்டி அடுத்தவனுக்கு குடுப்பான், ஈர ஷூவ மாட்டிக்கிட்டு இறங்குவானுங்க, நான் ஊதிக்கிட்டே பாத்திருக்கேன்.

ஊத்தங்கரை_டீச்சர்:

மேல எழுதின எல்லாரும் பசங்க பசங்கன்னே எழுதுறீங்களே, மாஸ்டர்கிட்ட பொண்ணுங்க டீம் இருந்துச்சு தெரியுமா? தங்கச்சி, பொண்ணுங்க அங்க போகக்கூடாதுன்னு உங்க பாட்டி சொன்னாங்கன்னு படிச்சதும் எனக்கு சிரிப்பும் வந்துச்சு கஷ்டமாவும் இருந்துச்சு. உங்களை அனுப்பல, நாங்க அங்க தான் இருந்தோம். நீங்க ஹாஸ்டலுக்கு போனதுக்கு அப்புறம்னு நினைக்கிறேன்.

நான் பத்தாவது படிக்கும்போது எங்க வீட்ல கல்யாணம் பேச ஆரம்பிச்சிட்டாங்க, நம்ம பக்கம் தான் தெரியுமே, வயசுக்கு வந்துட்டா ஸ்கூல் பை கூட பாரமா தெரியும் வீட்டுல இருக்கவங்களுக்கு. ஸ்கூல்ல நான் ஓடுறதைப் பாத்துட்டு மாஸ்டர் எங்க வீட்டுக்கு வந்தாரு. கபடின்னு ஒரு வார்த்தை பேசல. திண்ணையில உக்காந்து எங்க அப்பாகிட்ட தக்காளி என்ன விலை போச்சு, கிரேட்டுக்கு எவ்வளவு கமிஷன் பிடிச்சான், போர்ல தண்ணி இருக்கான்னு கேட்டாரு, காப்பி குடிச்சாரு, போயிட்டாரு. மறுபடி டியூட்டி இல்லாத நாள் வந்தாரு, அதே தக்காளி, அதே போர். இப்படியே போய்க்கிட்டு இருந்துச்சு. கடைசியில எங்க அப்பாவே தாங்க முடியாம, மாஸ்டர் நீங்க எதுக்கோ தான் வரீங்க, என்னன்னு சொல்லிடுங்கன்னாரு. அப்ப தான் சொன்னாரு, பொண்ணு நல்லா ஓடுது, பன்னெண்டாவது வரைக்கும் விடுங்க, மேட்சுக்கு போனா என் வீட்டுக்காரம்மா கூட வருவாங்கன்னு. உங்க அம்மாவைக் கேக்காமலே சொல்லிட்டாருன்னு அப்புறம் தான் தெரிஞ்சுது!! பாவம் அவங்க, ஒவ்வொரு மேட்சுக்கும் புளிசாதம் கட்டிக்கிட்டு எங்க கூட பஸ்ல வருவாங்க, எங்களுக்கு ஜடை பின்னி விடுவாங்க, பசங்க எவனாவது கேலி பண்ணா அவங்க போடுற சத்தம் மாஸ்டர் விசிலை விட பெருசா இருக்கும். மாஸ்டர் பத்தி எழுதுறவங்க அம்மாவையும் எழுதணும்.

2010ல ஏசியன் கேம்ஸ்ல முதல் தடவையா பெண்கள் கபடி வந்து நம்ம டீம் தங்கம் வாங்கினப்ப எங்களை எல்லாம் உங்க வீட்டு டிவி முன்னாடி உக்கார வச்சிருந்தாரு. 2018 ஜகார்த்தா நான் பி.பி.எட். படிக்கும்போது. ஆம்பளைங்க செமியில ஈரான்கிட்ட 18-27ன்னு தோத்தாங்க, பெண்கள் ஃபைனல்ல அதே ஈரான்கிட்ட 24-27. நான் அழுதுக்கிட்டே போன் பண்ணா இவரு குரல்ல ஒரு வருத்தமும் இல்ல, அந்த ஈரான் பொண்ணுங்களோட கோச் யாருன்னு தெரியுமா, நம்ம நாசிக் அம்மா, ஷைலஜா ஜெயின், இங்க இருந்து போய் அங்க ஒரு டீமை உருவாக்கியிருக்காங்க பாரு, நீ படிச்சு முடிச்சதும் எந்த ஊர்ல போட்டாலும் போன்னு சொன்னாரு. இப்ப ஊத்தங்கரை பக்கம் கவர்மென்ட் ஸ்கூல்ல பி.இ.டி.யா இருக்கேன். எந்த ஊர்ல போட்டாலும் போயிடுவேன்னு சொன்னதால தான் இங்க போட்டாங்களோ என்னவோ.

கோவம் வந்தா மனுஷன் மோசம், அதையும் சொல்லிடறேன். ரெஃப்ரிகிட்ட நான் ஒரு போனஸ் புள்ளிக்கு வாக்குவாதம் பண்ணேன்னு டீம் மொத்தத்தையும் அவர்கிட்ட மன்னிப்பு கேக்க வச்சாரு, மன்னிப்பு கேட்டது மேல எழுதியிருக்குற பழைய ரெஃப்ரி சார்கிட்டயா கூட இருக்கலாம். சார், அன்னைக்கு என் காலு போனஸ் கோட்டைத் தாண்டி தான் இருந்துச்சு.

டோர்னமென்ட் வச்சா பொண்ணுங்களுக்கும் வைங்க. எட்டு டீம் கிடைக்காது, நாலு கிடைக்கும், என் ஸ்கூல் டீமோட நான் வரேன். டிரஸ் மாத்த ஒரு ரூமும் பாத்ரூமும் மட்டும் முன்னாடியே ரெடி பண்ணுங்க. பல ஊர்ல மேட்டு இருக்கும் லைட்டு இருக்கும் அது இருக்காது, பொண்ணுங்க காலையில இருந்து தண்ணி குடிக்காம ஆடுவாங்க.

பழைய_ரெஃப்ரி:

டீச்சர் அம்மா, பின்னங்கால் தரையில இருந்துச்சு. போனஸ் கோட்டைத் தாண்டின காலு தரையில படும்போது பின்னங்கால் மேல தூக்கியிருக்கணும். இன்னைக்கு கேட்டாலும் புள்ளி கிடையாது.

கண்டக்டர்_பொண்ணு:

என்ன சொல்றதுன்னே தெரியல. ஆபீஸ்ல படிக்க ஆரம்பிச்சு பாதியில எழுந்து வெளிய போயிட்டேன். அம்மாவுக்கு போன்ல படிச்சுக் காட்டினேன், டீச்சர் அக்கா எழுதினதைக் கேட்டு, கேக்காமலே சொன்னாரா அந்த மனுஷன், எங்கிட்ட அவங்க அப்பா தான் என்னை வரச் சொல்லிக் கேட்டாருன்னு இல்ல சொன்னாருன்னு ஒரே சண்டை, போட்டோவைப் பாத்து திட்டிக்கிட்டு இருந்துச்சு.

தகரப் பெட்டி இருக்கு. பரண் மேல இருந்துச்சு, சனிக்கிழமை ஊருக்குப் போய் இறக்கினேன். பஸ் டிக்கெட் கட்டு சுத்துற ரப்பர் பேண்டு போட்டு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி கட்டு, மேல பேரும் பிறந்த தேதியும் எடையும். எடை மட்டும் அடிச்சு அடிச்சு மாத்தி எழுதியிருக்காரு, 38, 41, 44ன்னு. பாதி பேரு யாருன்னு எனக்குத் தெரியல, அம்மாவுக்கு ஓரளவு தெரியுது. அதுல அண்ணன் கட்டும் இருந்துச்சு, ஸ்கூல் மேட்ச் சர்டிஃபிகேட், மத்தவங்களுக்கு இருக்குற மாதிரியே தான் இருக்கு, தனியா எதுவும் எழுதல. சொந்தக்காரங்க திருப்பிக் கேட்டா குடுத்துடறேன், லெஃப்ட் கார்னர் தம்பி உங்க செட் வாட்ஸாப் குரூப்ல சொல்லிடுங்க. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு அலைஞ்சுக்கிட்டு இருக்குற பசங்க யாராவது இருந்தா அவசரமா வேணும் இல்ல.

முடிவு என்னன்னா சப் ஜூனியர் பசங்க எட்டு டீம், பொண்ணுங்க நாலு டீம், ரெண்டு நாள். முதல் நாள் பொண்ணுங்க. ரெஃப்ரி மாமா சொன்ன மாதிரி லீக் தான். பரிசுப் பணம் இல்ல. பெங்களூர் அண்ணா, உங்க பத்தாயிரத்தை ஷூவுக்கு எடுத்துக்கலாமா? ஊர் பசங்களுக்கு கொஞ்சம் மூஞ்சி சுருங்கிடுச்சு, ஆனா கிரவுண்ட் வேலைக்கு வரேன்னு சொல்லிட்டாங்க. பாத்ரூமுக்கு ஸ்கூல்ல கேட்டிருக்கோம்.

அண்ணனுக்கு இந்த லிங்க்கை அனுப்பினேன். படிச்சான்னு தெரியும், ப்ளூ டிக் வந்துடுச்சு. லெஃப்ட் கார்னர் எழுதினதைப் பத்தி ஒண்ணுமே பேசல. ராத்திரி போன் பண்ணி, கோர்ட்டை கிழக்கு மேற்கா போட்டுடாதீங்க, சாயந்திர மேட்ச்ல ஒரு பக்கம் நிக்கிறவனுக்கு வெயில் கண்ணுல அடிக்கும், தெற்கு வடக்கா போடுங்கன்னு மட்டும் சொல்லிட்டு வச்சிட்டான்.

இப்ப எடை மிஷின் தான் பிரச்சனை. கடையில இருக்குற மிஷின் எல்லாம் ஆளுக்கு ஒண்ணு காட்டுது, ஒரு பையனை ஏத்திப் பாத்தோம், ரெண்டு மிஷினுக்கும் ஒண்ணே கால் கிலோ வித்தியாசம். 55 கிலோன்னு சொல்லிட்டு தப்பான மிஷின்ல ஒருத்தனை வெளிய அனுப்பினா பாவம். யார்கிட்டயாவது நல்லது இருக்கா?

பெங்களூர்ல_ஒரு_தர்மபுரியான்:

ஷூவுக்கே எடுத்துக்கோங்க. சைஸ் லிஸ்ட் மட்டும் முன்னாடியே அனுப்புங்க, இங்க மொத்தமா வாங்கினா விலை குறையும். யூடியூப் லைவ் என் செலவு, அதுக்கு வேணாம்னு சொல்லக்கூடாது.

தக்காளி_மண்டி:

நான் மாஸ்டர்கிட்ட ஆடினவன் இல்லீங்க, அவரு பஸ்ல போனவன். என் மண்டியில எலக்ட்ரானிக் தராசு இருக்கு, கவர்மென்ட் முத்திரை இந்த வருஷம் தான் போட்டது. பையன் ஏறி நிக்க மேல ஒரு பலகை போட்டு ஜீரோ பண்ணிக்கலாம். முதல் நாள் விடியறதுக்குள்ள வண்டியில கொண்டு வந்து இறக்கிடறேன், ரெண்டாவது நாள் ராத்திரியே திருப்பிக் குடுத்துடணும், மறுநாள் காலையில லோடு வந்துடும். ஈரக் காலோட மட்டும் யாரையும் ஏத்தாதீங்க.